கரைவலையும் கேலியும்: கிழக்குக் கடலோரத்தின் அம்பாப் பாட்டு

திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேசத்தின் வரலாறு, 1795இல் பிரித்தானியர் கைப்பற்றி 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்த துறைமுகத்தைச் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அக்கடலோரத்தின் கரைவலைத் தொழிலில் உழைப்பும் கேலியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற முறை, அதற்குக் குறையாத கவனத்துக்கு உரியது.

கரைவலை என்பது கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டு, தோணியில் சென்று கடலில் அரைவட்டமாக வலையை வளைத்து, மறு நுனியைச் சற்றுத் தொலைவில் கரைசேர்த்தபின், இரு அணியினர் மணிக்கணக்காக இழுத்து, மீன் திரளும் ‘மடி’ என்னும் பைப்பகுதியைக் கரையேற்றும் முறையாகும். வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்களே இதற்குரிய பருவம். இழுவையில் ஒருவர் தளர்ந்தாலும் சுமை மற்றவர் தோளில் ஏறுமாதலால், எல்லோரும் ஒரே கணத்தில் விசை கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கணத்தைக் குறித்துக் கொடுத்ததே ‘அம்பா’ எனப்படும் தொழிற்பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ‘ஏலேலோ’ என ஏற்று, அந்த ஒலியோடு கயிற்றை வலித்தனர். தெய்வ வேண்டுதலோடும் காதலோடும் கேலியும் அதில் இடம்பெற்றது. சோம்பி நிற்பவரைக் கடிந்துகொண்டால் பகை மூளக்கூடும். அதையே பாட்டில் வைத்துச் சொன்னால், சொல்லப்பட்டவரும் சேர்ந்து சிரித்தபடி கயிற்றை இறுக்கிப் பிடிக்க இடமிருந்தது. வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு போக எஞ்சியதே இழுத்தவர்களுக்குக் கிடைத்த தொழிலில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் காதில் விழும்படி ஒன்றைச் சொல்லவும் பாட்டே ஏற்ற வழியாக இருந்தது.

ஐரோப்பிய வணிகக் கப்பல்களின் மாலுமிகளும் நங்கூரம் தூக்குகையில் இவ்வாறே பாடி, தலைவர்களைப் பாட்டிலே பகடி செய்தனர். பிரித்தானியப் போர்க்கப்பல்களிலோ வேலை நேரப் பாட்டு பொதுவாக அனுமதிக்கப்படாமல், ஊதுகுழலின் ஒலிக்கே கயிறு இழுக்கப்பட்டது. கட்டளையால் மட்டும் ஆள நினைத்த நிருவாகம் சிரிப்பை ஒழுங்கீனமாகக் கண்டது. பங்குக்கு உழைத்த கூட்டமோ அதையே ஒழுங்காக்கிக் கொண்டது.

இன்று சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலுருளை வலையை இழுப்பதால், விசையை ஒன்றுசேர்க்கும் பாட்டுக்கு அங்கே தேவை இல்லாமற் போயிற்று. ஆகவே அம்பாவைத் தொகுப்போர் பாட்டின் அடிகளோடு நின்றுவிடாமல், அவை இழுவையின் எக்கட்டத்தில், யாரை நோக்கி, யார் முன்னிலையில் பாடப்பட்டன என்பதையும் பதிவு செய்தாலன்றி, அக்கேலி ஆற்றிய பணி பின்வருவோர்க்கு விளங்காது.