வளர்ச்சி என்ற ஒற்றைச் சொல்



ஆங்கிலத்தில் ‘குரோத்’ வேறு, ‘டெவலப்மென்ட்’ வேறு. முன்னது அளவு கூடுவது. பின்னது மனிதரின் வாழ்நிலையும் உரிமையும் விரிவது. தமிழில் இரண்டையுமே ‘வளர்ச்சி’ என்கிறோம். பொருளாதார வளர்ச்சி என்பதில் இருப்பது குரோத். ஊரக வளர்ச்சித் துறை என்பதில் இருப்பது டெவலப்மென்ட். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால், முன்னதன் கணக்கைக் காட்டிப் பின்னதும் நடந்துவிட்டதாகச் சொல்வது ஆள்வோருக்கு எளிதாகிறது.

இந்தத் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வருகிறார்கள், விடுதிகள் பெருகின, மனை விலை ஏறியது. இது வளர்ச்சிதான். ஆனால் இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய முடிந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதுவும் ஆட்சியரும் காவல்துறையும் உடன் நிற்க. சென்னை மாகாணம் கோயில் நுழைவுச் சட்டங்களை இயற்றியது 1939இலும் 1947இலும். இடைப்பட்ட காலமெல்லாம் ஊர் வளர்ந்தது, கதவு திறக்கவில்லை.

நம்மைக் குறித்த சொற்களிலும் இந்த அரசியல் உண்டு. ஆங்கிலேயர் ‘டிப்ரெஸ்ட் கிளாசஸ்’ என்று எழுதினர். அதைத் ‘தாழ்ந்தோர்’ என்றால் குற்றம் நம்முடையதாகிறது; ‘தாழ்த்தப்பட்டோர்’ என்றால் தாழ்த்தியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை அரசு ஏற்கச் செய்தார். 1932இல் ஹரிஜன் சேவக் சங்கம் தொடங்கியபோது ‘அப்லிஃப்ட்’ என்ற சொல் பரவியது, தமிழில் ‘கைதூக்கிவிடுதல்’. தூக்குபவர் மேலே இருக்கிறார், அவர் கை விட்டால் விழ வேண்டியதுதான். அண்ணல் அம்பேத்கர் அந்தச் சங்கத்திடம் கேட்டது வேறு: கிணறு, பள்ளி, பொது வாகனம் ஆகியவற்றில் குடிமை உரிமையை நிலைநாட்டும் இயக்கம்.

இந்த வேறுபாடு நிலத்தில்தான் கூர்மையாகத் தெரிகிறது. செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதைப் பதிவு செய்தது. 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறந்தது. பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அரசு கொடுத்தது கருணை அல்ல, உடைமை. ஆனால் நிலத்தின் மதிப்பு வளர வளர, அது நம் கையைவிட்டுப் போனது. 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்நீத்தனர். நிலத்துக்கு வளர்ச்சி, உரியவருக்குத் துப்பாக்கிச்சூடு!

1974இல் வந்த தாட்கோவின் பெயரில் ‘மேம்பாடு’ இருக்கிறது. 1979–80 முதல் சிறப்புக் கூறுத் திட்டம் நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கச் சொல்கிறது. 2024இல் அதற்குத் தமிழ்நாட்டில் சட்டமும் வந்தது. இவை சலுகைகள் அல்ல, பங்குகள். பங்கு செலவழியாமல் திரும்பினாலும், பொதுச் சாலைக்கும் பாலத்துக்கும் கணக்கு எழுதப்பட்டாலும், ‘வளர்ச்சி’ என்ற சொல்லே அதை மூடி மறைத்துவிடும்.

‘முன்னேற்றம்’ என்ற சொல்லில் மட்டும் நடப்பவரின் கால் இருக்கிறது. ஆகவே கிராம சபையில் வளர்ச்சிக் கணக்கு வாசிக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எது கூடியது? யாருக்குக் கூடியது? பட்டா யார் பெயரில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை, முதலிரண்டின் பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜெய் பீம்.