பட்டடைச் செருகுகருவி

பட்டடைச் செருகுகருவி என்பது கொல்லுப் பட்டறையில் பட்டடையின் மீது வேண்டும்போது பொருத்தி, வேலை முடிந்ததும் கழற்றி எடுக்கக்கூடிய உலோகத் துணைக்கருவி ஆகும். கொல்லரின் ஒரு கை குறட்டையும் மறு கை சுத்தியலையும் பிடித்திருக்கும். எனவே கீழிருந்து தாங்கும் கருவி தானாக நிற்பது அவசியமாகின்றது. துணையாள் இன்றித் தனியொருவர் வீட்டில் நடத்தும் சிறு பட்டறைக்கு இது பெரிதும் பயன்படுகின்றது.

பெயர்

பட்டடை என்னும் சொல் இப்பொருளில் திருக்குறளில் (குறள் 821) ஆளப்பட்டுள்ளது. புறநானூற்றின் 170ஆம் பாடல் இதனை உலைக்கல் என்று குறிப்பிடுகின்றது.

அமைப்பு

இக்கருவி தலை, தோள், தண்டு என மூன்று பகுதிகளைக் கொண்டது. சதுரத் தண்டு பட்டடையிலுள்ள சதுரத் துளைக்குள் இறங்கும். அகன்ற தோள் பட்டடை முகத்தின் மேல் படிந்து அடியின் விசையைத் தாங்கும். தோள் இல்லையெனில் தண்டு ஆப்புப் போல இறுகித் துளையின் ஓரத்தைப் பிளந்துவிடக்கூடும்.

வகைகள்

* வெட்டுளி: மேல்நோக்கிய கூர்முனை உடையது. சூடான கம்பியை வெட்ட உதவும்.
* கூம்பு: வளையம் செய்ய உதவும். கொம்பு இல்லாத பட்டடைக்கு ஏற்றது.
* கவை: இரு முளைகள் கொண்டது. கம்பியை வளைக்கப் பயன்படும்.
* குழியச்சு: அரைவட்டப் பள்ளம் கொண்டது. கம்பியை உருட்சியாக்கும்.

செய்முறை

துளையைவிடச் சற்றே சிறிய அளவில் தண்டு அடித்து நீட்டப்படும். பின்னர் கருவியைச் செஞ்சூடாக்கித் துளையில் இறக்கி, மேலிருந்து அடித்தால் தோள் பரந்து முகத்தோடு படியும். தண்டு கையால் எளிதில் எடுக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும்; மிகவும் தளர்வாக இருந்தால் தலை சுழன்று அடி தவறும். துளை இல்லாத பட்டடையாயின், அருகில் ஊன்றிய கனத்த மரக்கட்டையில் கூரிய தண்டுடைய கருவியைச் செருகலாம்.

மூலப்பொருளும் சேலம் பகுதியும்

தண்டுக்கும் தோளுக்கும் மென்னுருக்கு போதும். வெட்டுமுனைக்குத் தோய்ச்சல் ஏற்று இறுகும் கரிம எஃகு தேவை. சேலம் மாநகராட்சியின் ஒரு மண்டலமான சூரமங்கலத்திற்குத் தென்மேற்கே கஞ்சமலை உள்ளது. இம்மலை காந்த இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்றது. சேலம் பகுதியின் பண்டைய கொல்லர்கள் தாதிலிருந்து பெற்ற தேனிரும்பைக் களிமண் குகைகளில் ஆவாரை விறகு, எருக்கிலை ஆகியவற்றுடன் மூடிச் சூடேற்றி எஃகு செய்தனர். இம்முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் 19ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தார். தற்காலத்தில் பழைய லாரிகளின் கமான் பட்டை இத்தகைய எஃகாகப் பயன்படுகின்றது. லாரிக் கூண்டு கட்டும் தொழில் நிறைந்த நாமக்கல் இப்பகுதியிலேயே உள்ளது.

பாதுகாப்பு

வெட்டுளியை வேலை முடிந்தவுடன் கழற்றிவிட வேண்டும். பட்டடையில் விட்டுவைத்தால், அடுத்த வேலையின்போது சுத்தியல் பிடித்த கை அதன் கூர்முனையில் படக்கூடும். வெட்டும்போது கடைசி அடியைக் கூர்முனைக்குச் சற்று விலக்கி அடித்தல் வேண்டும். நேராக அடித்தால் சுத்தியலும் வெட்டுளியும் மோதிச் சில்லுகள் தெறித்துக் கண்ணைக் காயப்படுத்தலாம்.