நம் இல்லத்துக் கரியடுப்பு

சேத்துப்பட்டு என்றவுடன் சென்னைவாசிகளுக்கு எழும்பூரை அடுத்த ரயில் நிலையமே நினைவுக்கு வரும். நாம் குறிப்பிடும் சேத்துப்பட்டு அதுவன்று. போளூரிலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் வழியில், ஆரணிக்குத் தெற்கே உள்ள ஊர் இது. முன்பு வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, 1989-இல் திருவண்ணாமலை மாவட்டத்துடன் பிரிந்தது. நெல் மூட்டைகளும், லூர்து அன்னை ஆலயமும், ஆரணிப் பட்டுக்காக ஓடும் தறிகளுமே வெளியூரார் அறிந்த அடையாளங்கள். அவ்வூரில் நம் முன்னோர் கட்டிய ஓட்டுவீடு ஒன்று இருக்கிறது. அதன் பரணிலிருந்து இறங்கிய ஓர் இரும்பு அடுப்பைப் பற்றியது இக்கட்டுரை.

ஓடு மாற்றுவதற்காகப் பரணை ஒழித்தபோது அது கிடைத்தது. வாளி போன்ற உடல், பக்கவாட்டில் இரு வளையங்கள், அடியில் ஒரு சதுரக் காற்றுவாய், விளிம்பில் மூன்று குமிழ்கள். உட்பூச்சு மண் முழுவதும் உதிர்ந்திருந்தது; கரியைத் தாங்கும் கம்பித்தட்டு துருவேறித் தொட்டவுடன் ஒடிந்தது. இளையவர்கள் அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்றனர். எண்பது வயதைக் கடந்த பெரியம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. கண்ணொளி மங்கிய அவர் அடுப்பின் விளிம்பைத் தடவிப் பார்த்து, "இது லெக்கோ எரிச்ச அடுப்பு. ஒரு தரம் பத்த வச்சுப் பாத்துட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க" என்றார். அந்தச் சொல்லுக்காகவே நாம் அதைச் செப்பனிட முனைந்தோம்.

லெக்கோ என்ற சொல்லை இன்றைய வாசகர்களில் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இத்தகைய அடுப்பைத் தமிழில் குமுட்டி அடுப்பு என்பர். தெலுங்கர் 'கும்பட்டி' என்பர். இடம்விட்டு இடம் தூக்கிச் செல்லத்தக்கது. விறகடுப்பு அடுக்களையின் ஒரு மூலையில் நிலைகொண்டுவிடும். குமுட்டியோ முற்றத்துக்கும் திண்ணைக்கும் வரும். பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணிப் புகைக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, தேக்சாவின் மூடிமேல் தணலிட்டுத் தம் போடுவதற்கு, எல்லாவற்றுக்கும் கரி வேண்டும். அந்தக் கரி இந்த அடுப்பில்தான் கனியும். தறி வீடுகளுக்கு இது மிகவும் ஏற்றது. விறகுப் புகை பட்டின் நிறத்தை மங்கச் செய்யும், சரிகையைக் கறுக்க வைக்கும் என்று நெசவாளர் அஞ்சுவர். நன்கு பற்றிய கரியில் புகை இல்லை.

அன்று கரி என்றால் மரக்கரியே. விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றைச் சிறுகவிட்டுப் பல நாள் புழுங்க வைப்பதே மூட்டம். மரம் நெருப்பாகிவிடாமல் கரியாவதற்குக் காற்றைக் கட்டுப்படுத்தும் வித்தை தெரிய வேண்டும். அந்த வித்தை வீட்டடுப்போடு நிற்கவில்லை. 1830-ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், நம்மவர் பெருவாரியாக வாழும் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். அதன் உலைகள் மரக்கரியில் எரிந்தன. உலைகளுக்குப் போதிய கரி கட்டுப்படியான விலையில் கிடைப்பது வரவர அரிதாயிற்று. அந்த முயற்சி நொடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்குக் காடுகளாயின. அதுவரை மலையடிவாரத்து மக்கள் தம் விருப்பப்படி எடுத்துவந்த விறகுக்கு அனுமதியும் கட்டணமும் வேண்டியதாயிற்று. இதற்குச் சற்று முன், 1877-இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் பிற்காலத்தில் தமிழகத்தின் பெரும் கரிமரமாயிற்று. இன்று இராமநாதபுரத்திலிருந்து வரும் கரி பெரும்பாலும் அதுவே. அம்மரத்தை வசைபாடாதவர் இல்லை. அது எரித்த அடுப்புகளை எண்ணிப் பார்த்தவரும் இல்லை.

நிலக்கரி இதனின்று வேறானது. தென்னகத்துக்கு அருகில் இருந்த சுரங்கம் சிங்கரேணி. அங்கு 1889-இல் வெட்டத் தொடங்கினர். ரயிலுக்கு உகந்த அந்தக் கரி வீட்டுக்கு உகந்ததன்று. பச்சை நிலக்கரி கரும்புகையும் கந்தக நெடியும் விடும். குளிர்நாட்டார் இதற்காகவே புகைபோக்கியோடு கூடிய மூடடுப்புகளை அமைத்துக்கொண்டனர். 1740-களில் பெஞ்சமின் பிராங்க்ளினும், அந்நூற்றாண்டின் இறுதியில் ரம்போர்டு பிரபுவும் அடுப்புக்காகவே ஆண்டுகளைச் செலவிட்டனர் என்பது நம்மவர்க்கு வியப்பாக இருக்கலாம். நம் நாட்டிலும் ஐதராபாத்துப் பொறியாளர் எஸ். பி. ராஜு 1950-களில் புகையில்லா அடுக்களைக்காக உழைத்தார். அடுப்பு அறிஞர்களின் கவனத்துக்கு உரியதன்று என நாம் எண்ணியிருந்ததுதான் பிழை.

இனி நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-இல் நெய்வேலி நிறுவனம் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்னிலையத்தின் முதற்பகுதி இயங்கியது. இவை பாடநூல்களில் உள்ளவை. பாடநூல் சொல்லாதது, அந்தக் கரி நம் அடுக்களைக்கு வந்த கதை.

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அதை அப்படியே அடுப்பிலிட்டால் கண்ணைக் கரிக்கும். ஆகவே அதை அரைத்து, உலர்த்தி, பசை ஏதும் சேர்க்காமல் பேரழுத்தத்தில் கட்டிகளாக்கி, பின்னர் காற்றில்லாக் கலங்களில் சுட்டு, தாரையும் கார்பாலிக் அமிலம் முதலியவற்றையும் பிரித்தெடுப்பதற்கென்று நெய்வேலியில் ஓர் ஆலை 1960-களில் அமைந்தது. எஞ்சிய கரிக்கட்டியின் வணிகப்பெயரே லெக்கோ. பரங்கிப்பேட்டை உலை காட்டைத் தின்றது. நெய்வேலி உலை மண்ணுக்கடியிலிருந்து அடுப்புக்கரி தந்தது. 1973-இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையை அடுத்து எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வீடுகள் இந்தக் கட்டிகளை நன்றியுடன் நோக்கின. நம் வீட்டுக் குமுட்டி லெக்கோ அடுப்பானது அந்த ஆண்டுகளில்தான் என்கிறார் பெரியம்மா. மரக்கரியைவிடப் பற்றத் தாமதமாகும். பற்றியபின் நெடுநேரம் நின்றெரியும். ஒரு தட்டுக் கட்டியில் பகல் சமையல் முடிந்துவிடும். பின்னர் எரிவாயு உருளை பரவியது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழகத்தில் இலவச எரிவாயு அடுப்பும், 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் வந்தன. நெய்வேலி ஆலை மூடப்பட்டது. லெக்கோ இன்று கிடைப்பதில்லை. ஆகவே நாம் இஸ்திரிக்காரர் வாங்கும் கடையில் மரக்கரியே வாங்கினோம்.

செப்பனிட்ட கதை சுருக்கமானது. துருவைப் புளியும் மணலும் இட்டுத் தேய்த்தோம். கொல்லர் புதிய கம்பித்தட்டு அடித்துத் தந்தார். உட்பூச்சுக்குப் புற்றுமண்ணும் உமியும் சிறிது மணலும் பிசைந்து இரு விரற்கடைக் கனத்தில் அப்பினோம். அன்றே வெயிலில் வைத்து மறுநாளே நெருப்பிட்டோம். பூச்சு நெடுகப் பிளந்தது. "மண்ணு தண்ணிய விடறதுக்குள்ள சூட்டக் காட்டுனா வெடிக்காம என்ன செய்யும்?" என்றார் பெரியம்மா. சுரண்டி எடுத்து மீண்டும் பூசி, நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, முதல் நாள் கொட்டாங்கச்சித் தணல் மட்டும், அடுத்த நாள் ஒரு கைக்கரி, மூன்றாம் நாள் அரையடுப்பு என்று ஏற்றினோம். இம்முறை பூச்சு நின்றது.

அடுப்பைச் செப்பனிடுவதைவிட எரிக்கக் கற்பது கடினம். கரி எலுமிச்சை அளவுக்கு மேலும் நெல்லிக்காய் அளவுக்குக் கீழும் போகக்கூடாது. பெரிதாயின் இடையே வெற்றிடம் விழும், பொடியாயின் காற்று ஏறாது. நடுவில் கொட்டாங்கச்சித் தீயிட்டுச் சுற்றிலும் கரியைச் சாய்க்க வேண்டும். விசிறியை மேலிருந்து வீசக்கூடாது. கீழே காற்றுவாய்க்கு நேரே வீச வேண்டும். கரியின் மேல் சாம்பல் வெண்மை படரும்வரை பாத்திரம் ஏற்றக்கூடாது. பாத்திரம் ஏற்றியபின் சூட்டைக் குறைப்பது விசிறியாலன்று. காற்றுவாயில் ஓட்டுச்சில் சாத்தி. இவ்வளவையும் பெரியம்மா கட்டிலில் அமர்ந்தபடி, பார்க்காமலே, கரி வெடிக்கும் ஒலியைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் அவர் சொல்லைக் கேளாத ஒரு மாலையும் உண்டு. ஐப்பசி அடைமழை. முற்றத்தில் சாரல் அடித்ததால் அடுப்பை, பின்னாளில் கட்டிய காங்கிரீட் அறைக்குள் கொணர்ந்து, சன்னலையும் கதவையும் சாத்திக்கொண்டு தேநீருக்கு வைத்தோம். புகை இல்லை, ஆதலால் தீங்கும் இல்லை என்பதே நம் எண்ணம். கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. வயிறு குமட்டியது. நம்மோடு இருந்த சிறுவன் சுவரில் சாய்ந்து கண்ணயரத் தொடங்கினான். அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டதென்றே நினைத்தோம். கைத்தடியால் கதவைத் தட்டித் திறக்கச் செய்தவர் பெரியம்மா. "கரி நெருப்ப உள்ள வச்சுக் கதவச் சாத்துவாங்களா தம்பி? பிள்ளைய வெளிய தூக்கிட்டு வா!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மழையில் அவனை மடியிலிட்டு விழித்திருந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நாம் இங்கு எழுதப்போவதில்லை. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தான்.

பிறகுதான் நூல்களைப் புரட்டினோம். அடியில் நுழையும் காற்று கரியோடு கூடிக் கரியமில வாயுவாகிறது. அது மேலுள்ள செந்தணலினூடே ஏறும்போது, கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுவாயுவாக மாறுகிறது. அந்த வாயு மேலே வந்து புதுக்காற்றைச் சந்தித்தால் நீலச்சுடராக எரிந்துவிடும். சந்திக்காவிட்டால் அறையில் பரவும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விளிம்பிலுள்ள மூன்று குமிழ்கள் பாத்திரம் வழுக்காமல் இருப்பதற்கென்று எண்ணியிருந்தோம். அடுப்பின் வாயைப் பாத்திரம் அடைக்காமல் காற்று புகுவதற்கே அவை என்பது அப்போது விளங்கியது.

தென் கொரியாவில் 'யொன்தான்' எனும் துளையிட்ட நிலக்கரிக் கட்டிகள் பல்லாண்டு வீடுகளை வெப்பமூட்டின; குளிருக்காக அடைத்த அறைகளில் அந்த வாயுவால் ஆண்டுதோறும் எண்ணற்றோர் மாண்டனர். காஷ்மீரத்தார் தணல் நிறைந்த காங்கிரியை அங்கிக்குள் வைத்துக்கொள்கின்றனர். அடைத்த அறையில் அங்கும் இதே அச்சம் உண்டு. நம் பக்கத்துக் குமுட்டி, முற்றமும் ஓட்டிடுக்கும் திண்ணையும் உள்ள வீட்டுக்காக அமைந்தது. புகைபோக்கி அதற்கு இல்லை. வீடே புகைபோக்கியாக இருந்தது. அந்த வீட்டைச் சிமிட்டியால் அடைத்துவிட்டு அடுப்பை மட்டும் மீட்டெடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் அன்று மாலை கண்டோம். நெய்வேலியின் வரலாற்றில் பொறியாளர்களின் பெயர்கள் உள்ளன. அந்தக் கரியை முற்றத்தில் வைத்து எரித்து, கதவைத் திறந்து வைத்து, பிள்ளைகளைக் காத்தவர்களின் அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நாமும் அதுவரை பெரியம்மாவிடம் கேட்டதில்லை. அவருக்கு எழுதப்படிக்கத் தெரியாது என்பதையே பெரிதாகப் பேசிவந்தோம்.

அதன்பின் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கினோம். நோன்பு மாதத்தில் ஸஹருக்குத் தீக்குச்சி இல்லாமல் அடுப்பு மூட்டும் முறையை அவர் சொன்னதும் அவ்வாறுதான். இரவு கஞ்சி இறக்கியபின் கரியைக் குவித்து, சலித்த சாம்பலை இரு விரல் உயரத்துக்கு மேலே பரப்பி, காற்றுவாயை ஓட்டுச்சில்லால் மூடிவிட வேண்டும்; முழுதும் அடைக்காமல் நூல் நுழையும் இடைவெளி விட வேண்டும். அக்காலத்தில் அண்டை வீட்டார் தணல் கேட்டுக் கொட்டாங்கச்சியோடு வந்து நிற்பார்களாம்.

சென்ற நோன்பில் முதன்முறை முயன்றபோது நெருப்பு அணைந்திருந்தது. சாம்பல் ஈரமாக இருந்துவிட்டது. இரண்டாம் இரவு இடைவெளி அதிகம் விட்டதால் கரி முழுதும் எரிந்து தீர்ந்திருந்தது. மூன்றாம் இரவு மூன்று மணிக்கு எழுந்து முற்றத்தில் அமர்ந்து சாம்பலை விலக்கினோம். அடியில் நாலைந்து கண்கள் செக்கச்செவேலென்று விழித்தன. ஓட்டுச்சில்லை எடுத்துவிட்டு, அவற்றின்மேல் புதுக்கரி வைத்து விசிறினோம். பெரியம்மா உள்ளிருந்தே அந்தச் சடசடப்பைக் கேட்டு, "பத்திக்கிச்சா?" என்றார். "பத்திக்கிச்சு பெரியம்மா" என்றோம். "அப்ப எனக்கு முதல்ல டீ போடு. பிள்ளைங்கள அப்புறம் எழுப்பு" என்றார்.