போதை மீட்பு சிகிச்சை அளிக்கும் மருத்துவர் பெறும் பயிற்சி

மதுவுக்கோ பிற போதைப் பொருளுக்கோ அடிமையான ஒருவரை ஒரு மையத்தில் சேர்க்கும் முன், ‘இங்கு மருத்துவர் இருக்கிறாரா? அவர் என்ன பயிற்சி பெற்றவர்?’ என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். போதைக்கு அடிமையாதல் ஒரு நோய். அதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்றாண்டு எம்.டி. பயின்று மனநல மருத்துவராகிறார். குடிநோய்ச் சிகிச்சை அப்படிப்பின் ஒரு பகுதியாகும். அதற்கு மேலும் மூன்றாண்டு பயிலும் டி.எம். படிப்பு, புதுதில்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில நிறுவனங்களில் உள்ளது. இப்பட்டம் பெற்றோர் மிகச் சிலரே. எனவே உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் மனநல மருத்துவராகவோ, பயிற்சி பெற்ற பொது மருத்துவராகவோ இருப்பார். அதனால் குறையொன்றும் இல்லை.

பயிற்சியின் பயன் முதல் நான்கு நாள்களிலேயே தெரியும். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம். இது உயிருக்கு ஆபத்தான நிலை. பேய் பிடித்ததாக எண்ணிக் காலம் கடத்தாதீர்கள். அறையில் பூட்டியும் வைக்காதீர்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் நடுக்கத்தின் கடுமையை அளவிட்டு மருந்தின் அளவை முடிவு செய்வார். பின்னர் அதை நாளுக்கு நாள் குறைப்பார். குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் ஊசி போடுவார். இவ்வைட்டமின் குறைந்தவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படக்கூடும்.

‘சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை தாருங்கள்’ என்று கேட்கும் தாய்மாரும் மனைவியரும் உண்டு. அவர்களின் துயரம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் மருத்துவர் மறுப்பார். டைசல்பிரம் மாத்திரையை, விளைவுகளை அறிந்து உடன்படும் நோயாளிக்கே தர வேண்டும். தெரியாமல் உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரியும், உயிரிழப்பும் நேரலாம். ‘தெரியாமல் கொடுக்கலாம்’ என விளம்பரமாகும் பொடிகளையும் வாங்காதீர்கள்.

மீண்டும் குடித்துவிட்டாலும் அதே மருத்துவரிடமே செல்லுங்கள். முந்தைய மருந்துச் சீட்டுகளை உடன் கொண்டு செல்வது நல்லது.

வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு, கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416 (டெலி மானஸ்) இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.