மெத்தோட்ரெக்சேட்: ஆய்வக விலங்குகளில் உறுப்புச் சேதம்

புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், ஆய்வக எலிகளில் குடல், எலும்பு மஜ்ஜை, கல்லீரல், சிறுநீரகம் ஆகிய உறுப்புகளைச் சிதைக்கிறது.

ஃபோலிக் அமிலத்தின் செயலை முடக்கும் இம்மருந்து வகையின் மூலகர்த்தா எல்லாப்பிரகத சுப்பாராவ் (1895–1948). பீமாவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். பிரிட்டிஷ் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியுடன் அறுவைக்கூடத்துக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிட்டவில்லை, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். இரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஆய்வாளர் ஃபிஸ்குடன் 1925இல் அவர் வெளியிட்ட முறை இன்றும் உயிர்வேதியியல் பாடநூல்களில் உண்டு. 1940இல் லெடர்லி மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரது குழு அங்கே ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதன் செயலை முடக்கும் அமினோப்டெரினையும் தயாரித்தது. மருத்துவர் சிட்னி ஃபார்பர் அம்மருந்தை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாகக் குணம் தெரிந்தது. இதைப் பற்றிய ஃபார்பரின் அறிக்கை வெளியான 1948இலேயே சுப்பாராவ் காலமானார். பெரும்புகழ் ஃபார்பருக்குப் போயிற்று. பாதியாவது சென்னை மாணவருக்குச் சேர வேண்டியது. மெத்தோட்ரெக்சேட், அமினோப்டெரினின் நெருங்கிய உறவு.

எலிகளிலும் சுண்டெலிகளிலும் அமினோப்டெரின் விளைவிக்கும் கேட்டை ஆய்வாளர்கள் ஃபிலிப்சும் தியர்ஷும் 1949இல் விவரித்தனர். குடலும் மஜ்ஜையுமே முதலில் அடிபட்டன. காரணம் எளிது. உயிரணு பிளவுபட டிஎன்ஏ வேண்டும். அதற்கு ஃபோலிக் அமில வகையான ஃபோலேட் வேண்டும். மருந்து அந்த வழியை அடைக்கிறது. வேகமாகப் பெருகும் அணுக்கள் புற்றில் மட்டும் இல்லை, குடல் உட்சவ்விலும் உண்டு. எலிக்கு மெத்தோட்ரெக்சேட்டை உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஒரே ஊசியாகச் செலுத்துவது இன்று வழக்கமான அளவு. சில நாள் கழித்துச் சிறுகுடலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நீண்டு நிமிர்ந்திருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் குட்டையாகி, அடிக்குழிகளில் அணுக்கள் செத்துக் கிடக்கும். சிறுநீரில் அமிலத்தன்மை மிகுந்தால் மருந்து சிறுநீரக நுண்குழல்களில் படிந்து அடைக்கும். நோயாளிக்குச் சிறுநீரைக் காரமாக்குவதும், ஃபோலினிக் அமிலம் கொடுத்து நல்ல அணுக்களை மீட்பதும் இதனால்தான்.

இப்போது மஞ்சளின் குர்க்குமின், தேயிலையின் கேட்டிச்சின் போன்றவை எலிகளில் இச்சேதத்தைக் குறைக்கின்றனவா என்று பலர் சோதிக்கின்றனர். எலியில் கண்ட பலன் மனிதருக்கான சான்று ஆகாது. மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றின் மாத்திரைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.