காசிக்குப் போன வருஷம், வீட்டில் இருந்த வருஷம்

போன தை மாசம் ஒரு தோழியின் மகன் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காலையில் காசி யாத்திரை. மாப்பிள்ளை ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தடி, காலில் புதுச் செருப்போடு மண்டப வாசலை நோக்கி நடந்தான். பெண்ணின் அப்பா வழிமறித்து, "காசிக்கெல்லாம் வேண்டாம், என் பெண்ணைத் தரேன், குடித்தனம் பண்ணுங்கோ" என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்தார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் என் பக்கம் திரும்பி, "நீயும் ஜூலைல இதைத்தானே பண்ணப் போற? உன்னை யாரு வழிமறிக்கிறது?" என்றாள்.

விஷயம் இதுதான். வருகிற ஜூன் மாசத்தோடு எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஊர் ஊராகப் போவது என்று நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பழைய யாத்திரைப் பாதைகள், சத்திரங்கள், ஆவணக் காப்பகங்கள். பத்து வருஷ ஆசை. கணவருக்குச் சம்மதம். அம்மாவுக்கு 82 வயசு, எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாள்: "போகாதேன்னு சொல்லல. எப்ப வருவேன்னு சொல்லிட்டுப் போ."

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இதற்கு முன்னால் ஒரு வருஷம் வீட்டை விட்டுப் போனவர்கள் எப்படித் திட்டமிட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அப்படி எடுத்த குறிப்புகளிலிருந்து எழுதியதுதான் இது.

முதலில் ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தாய்மொழி தெலுங்கு. 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பி வந்தார். பதினைந்து மாசத்துக்குக் கொஞ்சம் மேல். ரயில் கிடையாது. திருப்பதி, கடப்பை, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியாகப் பிரயாகை, காசி, கயா. அங்கிருந்து கங்கையில் படகில் கல்கத்தா. பிறகு பூரி ஜெகந்நாதம், அப்படியே கிழக்குக் கரையோரமாக விசாகப்பட்டினம், நெல்லூர், சென்னை. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் பாதி இந்தியாவைச் சுற்றி ஒரு பெரிய வட்டம்.

இவர் எப்படிப் போனார் என்பதுதான் எனக்கு முக்கியம். தனியாகப் போகவில்லை. குடும்பத்தார், உறவினர், சமையலாள், பல்லக்குத் தூக்குகிறவர்கள், கூடாரம் அடிக்கிறவர்கள் என்று ஏறக்குறைய நூறு பேர். அதாவது வீட்டை விட்டுவிட்டுப் போகவில்லை, வீட்டையே கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். தங்கும் ஒவ்வொரு ஊரிலும் அவர் குறித்து வைத்ததைப் பார்த்தால் இது புரியும். அடுத்த ஊர் எவ்வளவு தூரம், கடை இருக்கிறதா, என்ன சாமான் கிடைக்கும், தண்ணீர் எப்படி, பாதை எப்படி, ஆற்றைக் கடக்க ஓடம் உண்டா. கோயில்களைப் பற்றியும் எழுதுகிறார், கம்பெனி ஆட்சியைப் பற்றியும் எழுதுகிறார். ஆனால் புத்தகத்தின் முதுகெலும்பு இந்தக் கணக்குகள்தான். நூறு பேருக்கு நாளைக்கு எங்கே உலை வைப்பது என்று யோசிக்கிற ஒருத்தருடைய எழுத்து அது. வீட்டில் மளிகைச் சீட்டு எழுதுகிறவர்களுக்கு உடனே பிடிபடும்.

இன்னொன்று. இந்தக் குறிப்புகளை அவர் தனக்காக மட்டும் எழுதவில்லை. சென்னையில் இருந்த நண்பர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்கு வழியிலிருந்து எழுதி அனுப்பிக்கொண்டே போனார். 1836ல் வீராசாமி இறந்துபோனார். 1838ல் சீனிவாச பிள்ளைதான் அதைக் 'காசியாத்ர சரித்ர' என்று தெலுங்கில் அச்சிட்டார். ஊரில் ஒருத்தர் உட்கார்ந்து வாங்கிப் பத்திரமாக வைத்ததால்தான் இன்றைக்கு நமக்கு அந்தப் பயணம் தெரிகிறது. பயண நூல்களைப் படிக்கும்போது, அதை வீட்டில் பெற்றுக்கொண்ட ஆளை நாம் மறந்துவிடுகிறோம்.

வீராசாமிக்குப் பணம் இருந்தது, பதவி இருந்தது, நூறு பேரைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. எல்லோராலும் முடியுமா? அடுத்த ஆள் அதற்கு நேர் எதிர்.

விஷ்ணுபட் கோட்ஸே, கொங்கணத்தில் பேண் ஊருக்குப் பக்கத்தில் வர்சை என்ற கிராமத்துப் புரோகிதர். வீட்டில் கடன். வடக்கே மதுராவில் சிந்தியா அரச குடும்பத்து பாயிஜாபாயி பெரிய யாகம் செய்யப் போகிறார், நல்ல தட்சிணை கிடைக்கும் என்று கேள்விப்பட்டார். போய்ச் சம்பாதித்துக்கொண்டு வந்தால் கடன் தீரும். அப்பாவுக்கு மகனை அனுப்ப மனசில்லை. ஒருவழியாகச் சம்மதம் வாங்கிக்கொண்டு சித்தப்பாவோடு கிளம்பினார். கிளம்பிய வருஷம் 1857.

அதற்கு மேல் சொல்லவே வேண்டாம். வழியிலேயே சிப்பாய்க் கிளர்ச்சியில் மாட்டிக்கொண்டார்கள். 1858ல் ஆங்கிலேயப் படை ஜான்சியை முற்றுகையிட்டுப் பிடித்தபோது அவர் ஊருக்குள்ளே இருந்தார். கொலையையும் கொள்ளையையும் கண்ணால் பார்த்தார். சம்பாதித்ததைப் பறிகொடுத்தார். ஆனாலும் காசிக்குப் போனார். அங்கிருந்து கங்கை ஜலத்தைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அந்த ஜலத்தால் அப்பாவையும் அம்மாவையும் நீராட்டினார். பல வருஷம் கழித்து இதையெல்லாம் மராத்தியில் எழுதினார். 'மாஜா பிரவாஸ்' என்ற பெயரில் அது அச்சில் வந்தது 1907ல்.

1857ஐப் பற்றி ஒரு சாதாரண மனிதர் எழுதிய சாட்சியம் என்றுதான் சரித்திரக்காரர்கள் அந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறார்கள், நியாயம்தான். நான் இந்தமுறை வேறு கண்ணோடு படித்தேன். போட்ட திட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை, யாகப் பணமும் கைக்கு நிற்கவில்லை. நடந்தது ஒன்றே ஒன்று, வீட்டுக்கு என்று எடுத்த தண்ணீர் வீடு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு பூஜை அலமாரியில்கூட ஒரு கங்கைச் செம்பு இருக்கிறது. பாட்டி காலத்தது, வாய் மூடி ஈயம் வைத்து அடைத்தது. அதைக் கொண்டுவந்தது யார் என்று அம்மாவுக்கே தெரியாது. பழைய காலத்தில் காசிக்குப் போனவர்கள் ஊர் திரும்பி, கங்கா பூஜை செய்து, நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்ட பிறகுதான் யாத்திரை முடிந்ததாகக் கணக்கு. காசியில் முடிவதில்லை, வீட்டுக் கூடத்தில்தான் முடியும்.

சரி, கூட்டிக்கொண்டு போனவரையும் கொண்டுவந்து கொடுத்தவரையும் பார்த்தாயிற்று. அம்மா கேட்டது வேறு. எப்ப வருவே? இதற்கு நேரடியாகப் பதில் வைத்திருந்தவர்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். செட்டிநாட்டு நகரத்தார்.

பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போன நகரத்தார் கடைகளில் முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மேலாளுக்குப் பொதுவாகத் தவணை மூன்று வருஷம். சம்பளம் மொத்தத் தவணைக்கும் பேசி, அதில் ஒரு பகுதி கிளம்பும் முன்பே கைக்கு வந்துவிடும். வீட்டுச் செலவுக்கு வழி செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். 1929-30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் மட்டும் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் என்று கணக்கிட்டது. ஒரு கடைக்குச் சில பேர் என்றாலும், எத்தனை வீட்டில் எத்தனை பேர் தவணை முடியும் நாளை எண்ணிக்கொண்டு இருந்திருப்பார்கள்!

ஏனென்றால் மனைவிமார் பெரும்பாலும் கூடப் போகவில்லை. காரைக்குடிப் பக்கம் அந்தப் பெரிய வீடுகளைப் பார்க்கப் போகிற எல்லோரும் பர்மாத் தேக்குத் தூணைத்தான் போட்டோ எடுக்கிறோம். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கிற சின்ன அறைகளையும் பாருங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனிச் சமையல். புருஷன் ரங்கூனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மூன்று வருஷமும் அந்த அறையை, அடுப்பை, பிள்ளைகளை, வட்டிக்கு விட்ட தன் ஆச்சிமார் பணத்தைப் பார்த்துக்கொண்டது அந்த ஆச்சிதான். நல்லது கெட்டதுக்குப் போய் நின்றதும், மொய் எழுதியதும் அவர்தான்.

ரங்கூன் கடையின் பேரேடு எங்கேயாவது கிடைக்கும், ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதே மூன்று வருஷம் ஆச்சி வீட்டில் எப்படி ஓட்டினார் என்பதற்குப் பேரேடு எங்கே? வீராசாமி எழுதியது இருக்கிறது, அவரைப் பார்க்காமல் பதினைந்து மாசம் சென்னையில் இருந்த உறவுக்காரர்கள் எழுதியது எனக்குக் கிடைக்கவில்லை. கோட்ஸேயின் ஜான்சி இருக்கிறது, வர்சையில் மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் காத்திருந்த அப்பாவும் அம்மாவும் அவருடைய புத்தகத்தில் கிளம்பும்போதும் திரும்பும்போதும்தான் வருகிறார்கள். நடுவில் அவர்கள் எப்படி இருந்தார்கள்?

பிறகு ரயில் வந்தது. ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் முதல் ரயில் ஓடியது 1856ல். 1870ல் ஜபல்பூர் வழியாக பம்பாயும் கல்கத்தாவும் இணைந்தன. அடுத்த வருஷமே ராய்ச்சூரில் சென்னைப் பாதை பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. 1887ல் காசியில் கங்கைக்குப் பாலம். மாசக்கணக்கான வழி நாள்கணக்கில் சுருங்கிவிட்டது. இன்றைக்குச் சென்னையில் ஏறினால் இரண்டு நாளில் காசி. ஆக, இப்போது ஒருத்தர் ஒரு வருஷம் வெளியே இருக்கிறார் என்றால் பாதை நீளம் என்று காரணம் சொல்ல முடியாது. நான் இருக்கவேண்டும் என்று நினைத்து இருக்கிறேன், அவ்வளவுதான். அம்மாவின் கேள்வி என்னைக் குத்தியதற்குக் காரணமும் அதுதான் என்று இப்போது புரிகிறது.

இவ்வளவு படித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்தேன். முதலில் போட்ட திட்டத்தில் ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை ஒரே கோடு. அதை அடித்துவிட்டேன். மூன்று தவணையாக்கியிருக்கிறேன். ஆடியில் கிளம்பி நவராத்திரிக்கு வீடு. பிறகு தீபாவளி கழித்துக் கிளம்பிப் பொங்கலுக்கு வீடு. கடைசித் தவணை மாசியில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடிகிறது. காசி நடுத் தவணையில் வருகிறது. குளிர்தான், ஆனால் நகரத்தார் 1863ல் கட்டிய சத்திரத்தைப் பார்க்காமல் இந்த ஆராய்ச்சி முழுமையாகாது. சொந்த ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒரு வீடு கட்டி வைத்தவர்கள் அவர்கள்.

தேதிகளைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது மூணும் வர்ற நாளா? போற நாளை ஏன் வட்டம் போடல?" என்றாள். போற நாள் எனக்கு ஞாபகம் இருக்கும் என்றேன்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். தினமும் போனில் பேசப்போகிறோம், அது இருக்கட்டும். வாரம் ஒரு கடிதம் வீட்டுக்கு எழுதுவேன், வீராசாமி மாதிரி, தூரம், தண்ணீர், சாப்பாடு உட்பட. பதிலுக்கு அம்மாவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொடுத்து, இங்கே நடப்பதை எழுதச் சொல்லியிருக்கிறேன். யார் வந்தார்கள், என்ன சமையல், தக்காளி என்ன விலை, மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி. "இதையெல்லாம் யாரு படிப்பா?" என்று கேட்டாள். நான் படிப்பேன் என்றேன்.

நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். நேற்று எட்டிப் பார்த்தேன். நான் கிளம்ப இன்னும் மாசக்கணக்கில் இருக்கிறது, அதற்குள் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள்: "பால் அரை லிட்டர் குறைத்தாயிற்று." நான் இல்லாத நாட்களுக்கான கணக்கை அவள் இப்போதே போட ஆரம்பித்துவிட்டாள்.