பவுலிங் பால் வாங்கப் போறீங்களா? உங்க ஸ்டைலுக்கு எது செட் ஆகும்?

மாலில் பவுலிங் ஆடும் பலரும் கலரைப் பார்த்துத்தான் பந்தை எடுக்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியவை எடை, துளை, மேற்பரப்பு ஆகிய மூன்றும்தான்.

எடை எவ்வளவு இருக்கணும்?

பந்தின் அதிகபட்ச எடை 16 பவுண்ட், அதாவது சுமார் 7.26 கிலோ. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 13 பவுண்ட் வரும். ஆனாலும் வீசும்போது தோள் சாய்ந்தாலோ, மணிக்கட்டு வலித்தாலோ எடையைக் குறைப்பதே நல்லது.

துளை சரியா இருக்கா?

கட்டைவிரல் சிக்காமல் வெளியே வரணும். இறுக்கிப் பிடித்தால்தான் பந்து கையில் நிற்கிறது என்றால், துளை பெரிது.

நேரா வீசுறவங்களுக்கு எது?

பிளாஸ்டிக் பந்து. 60 அடி லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள், கடைசிப் பகுதி காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் அதிகம் பிடிக்காது என்பதால் காய்ந்த இடத்திலும் பெரும்பாலும் நேராகவே போகும். விலையும் குறைவு.

வளைத்து வீசுறவங்களுக்கு?

யூரித்தேன் பந்து சீராக வளையும். ரியாக்டிவ் ரெசின் பந்து எண்ணெயில் வழுக்கிப் போய், காய்ந்த இடத்தில் சட்டென்று திரும்பும்.

அப்போ விலை கூடின பந்துதான் பெஸ்டா?

இல்லை. விரலால் பந்தைச் சுழற்றத் தெரியாவிட்டால் ரியாக்டிவ் பந்தும் பெரிதாக வளையாது. தொழில்முறை வீரர்கள் பலரே மிச்சமிருக்கும் பின்களைச் சாய்க்க பிளாஸ்டிக் பந்தைத்தான் எடுக்கிறார்கள். முதல் பந்து வாங்குபவர்களும் அதிலிருந்தே தொடங்கலாம்.